செத்துக்கொண்டிருந்த பற்றறியில் ஒரு கெட்டிமேளம்

வருகிற வெள்ளிக்கிழமைக் கலியாணத்துக்கு நாதஸ்வரக்காரர் வர வழியில்லை, உங்கள் கிற்றாரை நம்பித்தான் நாள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி என்னுடைய மிதிப்பெட்டியை இரவல் கேட்டு வந்தீர்கள். தருகிறேன். திருப்பித் தரவும் வேண்டாம். ஆனால் ஒயரை மாட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு ஏலாது. தொடங்கினால் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன்.

நான் இந்தத் தொழிலில் ஐந்து வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றபோது எனக்கு இருபத்தேழு வயது. சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் சண்டை நடந்த அந்த வருடங்களில் பலரும் அந்த வயதில் பலதிலிருந்தும் ஓய்வு பெற்றார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா சுருவிலில் மற்றவர்களின் புகையிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தவர். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தையல் மிசினில் இருந்துவிட்டாள். உயர்தரப் பரீட்சையில் நான் சித்தியடைந்த அன்று அவள் முதலில் கேட்டது, “இனி என்ன வேலை தருவினம்?” என்பதுதான். ஒருவரும் ஒன்றும் தரவில்லை. ஊரில் நாலு பேர் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கப் போனேன். படித்த பிள்ளை கம்பி தட்டப் போகிறது என்று அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

பெட்டி, கப்பலில் வேலை செய்த ஊர்காவற்றுறைக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. உடுக்கிற சாரம் ஒன்றின் விலைதான் கேட்டார். செம்மஞ்சள் நிறத் தகரப் பெட்டி, சவர்க்காரக் கட்டி அளவு. கிற்றார் ஒயர் ஒரு பக்கத்தால் உள்ளே போகும், மறுபக்கத்தால் அம்பிளிபயருக்குப் போகும். மேலே உள்ள விசையை மிதித்தால் கம்பியின் சத்தம் கிழிந்து கரகரத்து வெளியே வரும். அந்த விசையும் பழுது. மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் சத்தம். காலை எடுத்தால் ஒன்றுமே இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அக்கா மிசினிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி உது?”

“மிதிக்கிறது, அக்கா.”

“நானும் மிதிக்கிறன், நீயும் மிதிக்கிறாய். என்ரையிலை ஒரு சட்டையாவது வரும்.”

முதல் பிழை ஊர்காவற்றுறையில் ஒரு கோவில் பெருநாள் கச்சேரியில் நடந்தது. வீட்டில் ஒரு தரம்கூடச் சத்தமாகப் போட்டுப் பார்க்காமல், புதுப் பற்றறியைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறி, பாட்டின் நடுவில் மிதித்தேன். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஓர் ஊளை கிளம்பியது. அறிவிப்பாளர் அவசரப்படாமல் ஒலிவாங்கியை எடுத்து, “காரைநகர்ப் படகு வெளிக்கிடப் போகுது போலை கிடக்கு, போறாக்கள் போகலாம்” என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த மூன்று பாட்டுக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை. விலை கூடிய கருவியை அதன் திறமையைப் பார்த்து வாங்கலாம். மலிவான கருவிக்கு அது எப்படிக் குழப்படி செய்யும் என்று முதலில் தெரிய வேண்டும். அந்தக் குழப்படிதான் அதன் குணம். அதைத் தெரிந்துகொண்டால் பிறகு அது உங்கள் சொல் கேட்கும்.

அது என் சொல் கேட்டது பற்றறி செத்த பிறகு. அந்தச் சதுரப் பற்றறி தீவில் வாங்க முடியாமல் போனது. ஆறு ரோச் லைட் பற்றறியை வரிசையாக வைத்துப் பழைய பேப்பரில் நீளமாகச் சுருட்டிக் கட்டி, இரு முனையிலும் ஒயர் ஒட்டிக் கொடுத்தேன். அவையும் வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்த கிழட்டுப் பற்றறிகள். ஒரு பின்னேரம் அப்படி மிதித்தபோது கரகரப்பு முழுவதும் சுருங்கி மூக்குக்குள் போய்விட்டது. மேல் கம்பியில் ஒரு செம்புக் குழாய்த் துண்டை வைத்து வழுக்கினேன். உள்ளே மிசின் நின்றது.

“ஆரடா குழல் ஊதுறது?” என்றாள் அக்கா.

நாதஸ்வரம் என்று முதலில் கேட்டது அவளுடைய காது. புதுப் பற்றறியில் படகு. செத்துக்கொண்டிருக்கிற பற்றறியில் நாதஸ்வரம். உங்களுக்கு இப்போது நல்ல பற்றறி கிடைக்காது என்று கவலைப்பட்டீர்கள். கவலைப்பட வேண்டாம். இந்தப் பெட்டிக்கு நல்லது கூடாது.

அதை எனக்குப் பழக்கியவர் ஒரு தவில்காரர். பெயர் எழுதவில்லை. இப்போது அவர் எங்கே, இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. என்னைவிட எட்டு வயது மூத்தவர், வாய் கொஞ்சம் பொல்லாதது. அவருடைய தமையன்தான் அவருக்கு நாதஸ்வரம் ஊதுகிறவர். தமையன் யாழ்ப்பாணப் பக்கத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்தார். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தவில்காரர், “பரவாயில்லை. ஆட்டை அறுக்கிறது மாதிரியும் இல்லை” என்றார்.

“பிழை எங்கை அண்ணை?”

“மூச்சு. ஊதுறவன் மனிசன், அவனுக்கு மூச்சு முட்டும். உம்மடை பெட்டிக்கு முட்டாது. இடைக்கிடை காலை எடும். மிதிக்க ஆராலும் ஏலும் தம்பி, எடுக்கப் பழகும்.”

இன்னொரு நாள் கெட்டிமேளம் எப்படி வாசிப்பது என்று கேட்டேன். தாலி கட்டுகிற நேரம் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக உச்சத்தில் முழங்குமே, அதை. அவர் சொன்னார்: “அது பாட்டில்லை, மூடி. அந்த நேரம் ஆரும் தும்மினால், அழுதால், அமங்கலமா ஒண்டைச் சொன்னால், ஒருத்தருக்கும் கேக்கப்படாது. அதுக்குத்தான் அடிக்கிறது. நல்லா வாசிக்கத் தேவையில்லை. நல்லா மூடினால் போதும்.”

அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது அவளுடைய முப்பத்திரண்டாவது வயதில். மாப்பிள்ளைக்கு ஊர் மண்கும்பான். ஜேர்மனியிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். கலியாணம் முடிந்து நாலாம் நாள் அவர் கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும். பிறகு அக்காவைக் கூப்பிடுவார் என்று பேச்சு. அப்பா மூன்று நாளாகச் சிரித்த முகத்தோடு திரிந்தார். நான் அதற்கு முன் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

தவில்காரரின் தமையனும் கூட்டமும் முதல் நாள் பின்னேரப் படகில் வருவதாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வரும் பண்ணைப் பாதை ஏற்கெனவே பூட்டு. அன்று மத்தியானம் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. காரைநகர்ப் படகும் நின்றுவிட்டது. காலையில் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு தவில்காரர் மட்டும் சைக்கிளில் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளையின் தாய் பந்தலுக்குள் வந்ததும் மேளக்காரரின் இடத்தைப் பார்த்தார்.

“குழல் எங்கை?”

அப்பா விளங்கப்படுத்தினார். யாரோ, கசற் போடலாம், நல்ல நாதஸ்வரக் கசற் இருக்கிறது என்றார்கள்.

“ரேடியோப் பெட்டியிலை வாற மேளத்துக்கோ என்ரை பிள்ளை தாலி கட்டுறது? ஐயர் கை காட்டேக்கை கசற்றுக்குக் கண் தெரியுமோ? மனிசர் இருந்து வாசிக்க வேணும். இண்டைக்கு ஏலாதெண்டால் விடுவம். பிறகு பாப்பம்.”

பிறகு என்பது இல்லை என்று பந்தலில் எல்லாருக்கும் தெரியும். நாலு நாளில் போகிறவர் எப்போது வருவார்? அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருடைய வேட்டியின் மடிப்பு அன்றுதான் பிரித்தது. கோடு அப்படியே தெரிந்தது. தவில்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“அம்மா, குழல் இருக்கு,” என்றேன். “நான் வாசிப்பன்.”

சுருட்டிய பற்றறியை மாட்டி, கார் பற்றறியில் ஓடுகிற எங்கள் அம்பிளிபயரில் கொடுத்து, ஒரு நிமிடம் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “உது கிற்றாரோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “சரி, சுறுக்கா நடக்கட்டும்” என்றார். அப்பா அந்த இடத்திலேயே, நிலத்தில் இருந்துவிட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பெண்ணின் தம்பி. எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவி, அவர் போடும் மோதிரத்தை வாங்கி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய், சடங்கு முடியும்வரை அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவன். கால் கழுவினேன். மோதிரம் வாங்கினேன். கூட்டிப்போய் இருத்தினேன். பிறகு எழுந்து பந்தலின் மூலைக்கு வந்துவிட்டேன். வேறு யாரையாவது என் இடத்தில் இருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மோதிரம் செம்புக் குழாயில் இடித்தது; கழற்றி அம்பிளிபயரின் மேல் வைத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. காலை எடுத்து எடுத்து மூச்சு விட்டு வாசித்தேன். சமையல் பந்தலில் இருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். “படகு வந்திட்டுதோ?” என்று ஒரு கிழவர் கேட்டார். இந்தத் தடவை அது பகிடி இல்லை. நாதஸ்வரக்காரர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று உண்மையாகவே நினைத்தார்.

அக்கா கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி ஆசி வாங்க அனுப்பினார். தட்டு பந்தலைச் சுற்றி வர நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை குனிந்து அக்காவிடம் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். நல்லது, கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா தலையைத் திருப்பி மாப்பிள்ளைக்கு மறுபக்கம் பார்த்தாள். அங்கே வெறும் பாய். பிறகு என்னைப் பார்த்தாள்.

பதினைந்து அடி தூரம் இருக்கும். அவள் தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினாள். மடியிலிருந்து கை உயர்ந்தது, கொஞ்சம்தான்.

தவில்காரரும் பார்த்தார். “தம்பி,” என்றார், “பொம்பிளை உம்மைக் கூப்பிடுது.”

தட்டு திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் எழுந்து நின்றுவிட்டார். ஐயர் கையைத் தூக்கப் போகிறார். பற்றறி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது நான் எழும்பினால் எல்லாம் குழம்பும். அப்பா நிலத்தில் இருந்த இருப்பு எனக்கு முன்னே நின்றது.

“பிறகு பாப்பம் அண்ணை,” என்றேன். “அடியுங்கோ.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஐயரின் கை மேலே போனது. நான் மிதித்தேன்.

அப்படி ஒரு கெட்டிமேளம் அந்தப் பக்கத்தில் அதற்கு முன் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். குழாய் ஸ்பீக்கர் இரண்டும் பிய்ந்து போகிற மாதிரி. மேல் கம்பியில் உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், காலை எடுக்காமல் நின்றேன். அக்காவின் வாய் அசைவது தெரிந்தது. மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் பெண் சொல்லும் மந்திரம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் மாப்பிள்ளை போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அக்கா மண்கும்பானில் மாமியாரின் வீட்டில் ஒரு வருடம் சமைத்தாள், கூட்டினாள், மாமியாரின் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். ஒரு நாள் தன் உடுப்புப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே போய் மிசினில் இருந்தாள். அப்பா அதற்குப் பிறகு சிரித்ததை நான் காணவில்லை.

இதற்கிடையில் நான் பெயர் எடுத்துவிட்டேன். பாதை பூட்டப்பூட்ட என்னைத் தேடி வந்தார்கள். தவில்காரரும் நானும் மேலும் பத்துக் கலியாணம் செய்தோம். எந்த மணப்பெண்ணின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். அது ஒரு கெட்டிக்காரப் பெட்டி. நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய சிலதையும் அது நடத்தி வைத்திருக்கும். எத்தனை என்று எனக்குத் தெரியாது.

தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட வருடத்தின் தொடக்கத்தில், கடைசிக் கலியாணம். ஐயர் கையைத் தூக்கினார், மிதித்தேன், ஏனோ அன்று தலையை நிமிர்த்தினேன். மணப்பெண் மடியிலிருந்து கையைத் தூக்கினாள். என் கால் தானாக மேலே வந்துவிட்டது. சத்தம் அறுந்தது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள், அவ்வளவுதான். தவில் மட்டும் தனியே அடித்துக்கொண்டிருக்க, பந்தலில் யாரோ தும்மினார்கள். எல்லாருக்கும் கேட்டது. பெண்ணின் தகப்பன் எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காத காலை எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்தேன். அன்றோடு இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு.

தவில்காரர் சைக்கிளில் என்னோடு கொஞ்சத் தூரம் வந்தார். சந்தியில் இறங்கி, “கொக்காவைக் கேட்டனீரோ?” என்றார். உன் அக்காவிடம் கேட்டாயா என்று. என்ன கேட்பது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் இல்லை என்றேன். “அப்ப கேளும்,” என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

அன்று பின்னேரமே கேட்டேன். அக்கா பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு மணவறையிலை என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். என்னத்துக்கு?”

“இப்ப என்ன அது?”

“சொல்லு அக்கா.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அவர் சொன்னவர், அங்கை ஒரு மனுசியும் பிள்ளையும் இருக்கெண்டு. தாய்க்குச் சொல்லப் பயத்திலை வந்து இருக்கிறன் எண்டு. மன்னிச்சுக்கொள்ளும் எண்டும் சொன்னவர். நல்ல மாதிரித்தான் சொன்னவர். நான் திரும்பிப் பார்த்தனான். தோழன்ரை இடத்திலை ஒருத்தரும் இல்லை. பிறகுதான் உன்னைப் பார்த்தனான்.”

“வாய் திறந்து சொல்லியிருக்கலாம்தானே.”

“சொன்னனான். வேண்டாம் எண்டு ரெண்டு தரம் சொன்னனான்.” அவள் சட்டையைத் திருப்பி மறுபக்கம் வைத்தாள். “உன்ரை பெட்டி நல்ல பெட்டி தம்பி. முன்னாலை இருந்த ஐயருக்குக்கூடக் கேக்கேல்லை.”

பிறகு மிசினை மிதிக்கத் தொடங்கினாள்.

சில மாதத்தில் நாங்களும் எல்லாரையும்போல வெளிக்கிட்டோம். கிற்றாரை வீட்டுக் கூரைக்குள் செருகிவிட்டு வந்தேன். இப்போது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை என்று கேள்வி. பெட்டி மட்டும் அக்காவின் மிசினோடு வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அவள்தான் எடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. அகதிகளுக்கு விட்ட இந்தப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில், சேலை கட்டி மறைத்த எங்கள் மூலையில், மிசினுக்குக் கீழே நாலு வருடமாகக் கிடந்தது.

உங்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் அவள் ஒரு துணிப்பை தைத்தாள். வாய்க்கு நாடாவும் வைத்துத் தந்தாள். அந்தப் பையில்தான் பெட்டி இருக்கிறது, செம்புக் குழாயும் இருக்கிறது. பற்றறி ஆறையும் இறுக்கிச் சுருட்டுங்கள். பேப்பர் தளர்ந்தால் சத்தம் விட்டு விட்டு வரும். மிதிக்க உங்களுக்கு ஒரு நாள் போதும். காலை எடுக்கப் பழகுங்கள், அதற்கு வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது.

நாடாவை முடிந்துகொண்டே அக்கா கேட்டாள்: “ஆர் வாசிக்கிறது?”

“பெடியள் ரெண்டு பேர். புதுசு.”

“எங்கை இருந்து வாசிப்பினம்?”

“வழமைபோலை, பந்தல் மூலையிலை.”

அவள் பையை என் கையில் தந்தாள்.

“பொம்பிளைக்குக் கிட்ட இருந்து வாசிக்கச் சொல்லு,” என்றாள்.